முதல் வகுப்பு இதுவாகட்டும், தோழர்களே!

இந்தக் கோடை முகாமில் தொலைநோக்கி ஒரு நாள் பெட்டியிலேயே இருக்கட்டும். காகித மடிப்பும் கணக்குப் புதிரும் இரண்டாம் நாள் வரட்டும். முதல் நாள், முதல் வகுப்பு, பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்ததும் நாம் எடுக்க வேண்டிய பாடம் டீப்ஃபேக், அதாவது ஒருவரின் முகத்தையும் குரலையும் கணினி போலியாக உருவாக்கும் வீடியோ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம், பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்று நம் அறிவியல் மன்றக் கூட்டங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பிள்ளைகள் நமக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பரில் விஜயகாந்த் மறைந்தார். ஊர் ஊராகக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினோம். 2024 செப்டம்பரில் 'தி கோட்' படத்தில் அவர் திரையில் வந்து நின்றார். அப்பா தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளை கைதட்டியது. அதே ஆண்டு தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்துக்காகப் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் 'திமிறி எழுடா' என்று பாடினார்கள். இருவருமே அப்போது உயிரோடு இல்லை. கட்சி நிகழ்ச்சித் திரையில் கருணாநிதி தோன்றிப் பேசினார். அவர் மறைந்தது 2018-இல். அந்தச் சினிமா முகமும் குரல்களும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு வந்தவை. அதில் எனக்குச் சண்டை இல்லை. "செத்துப்போனவர் எப்படிப்பா வந்தார்?" என்று பிள்ளை கேட்டபோது நாம் என்ன சொன்னோம்? "கம்ப்யூட்டர்ல பண்றாங்கடா, சும்மா படத்தைப் பாரு." அத்தோடு கேள்வியின் கழுத்தைத் திருகிவிட்டோம். சம்மதம் வாங்காமலும் இதே வேலையைச் செய்ய முடியும், உன்னையும் என்னையும் வைத்துச் செய்ய முடியும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

நமக்கு இது புதுச் சண்டை அல்ல. 1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடு முழுக்கக் கோயில் வாசலில் கிண்ணமும் கரண்டியுமாக வரிசை நின்றது. அன்று அறிவியல் பேசியவர்கள் "மூடநம்பிக்கை" என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தில்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து சிலைக்கு ஊட்டினார்கள். பால் சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும் பாதை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பரப்பு இழுவிசை என்ற பாடம் அன்று தெருவில் நடந்தது. நம்முடைய 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சிகளின் வழியும் அதுதானே! முதலில் செய்து காட்டு, வாய்பிளக்க விடு, பிறகு கையைத் திறந்து காட்டு. தந்திரம் தன் கண்முன்னே செய்யப்படுவதைப் பார்த்த பிள்ளை அடுத்த சாமியாரிடம் ஏமாறுவதில்லை. டீப்ஃபேக்கையும் அப்படித்தான் கற்றுத்தர வேண்டும். பயமுறுத்தும் சுவரொட்டியும் "எச்சரிக்கை" என்று தலைப்பிட்ட பத்துப் பக்கத் துண்டறிக்கையும் வேண்டவே வேண்டாம்.

எப்படிச் செய்வது? முகாமுக்கு முன்னால் நம்மில் இரண்டு பேர் தங்கள் முகத்தைத் தாங்களே மனமுவந்து கொடுங்கள். ஒருவர் பேசும் வீடியோவில் மற்றவர் முகத்தைப் பொருத்துங்கள். முகம் கொடுத்தவர் கவிதா அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்கு எல்லாருக்கும் பிரியாணி" என்று அவர் சொல்வதுபோல் ஒரு முப்பது விநாடி போதும். பிள்ளைகள் ஆரவாரம் செய்து முடித்ததும் கவிதா அக்கா எழுந்து நின்று, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" என்று சொல்லட்டும். அங்கேதான் வகுப்பு தொடங்குகிறது. பிரியாணி கிடைக்காத கோபத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் சரியான கேள்வியாக இருக்கும். யார் பேசினது? அக்கா முகம் எங்கிருந்து கிடைச்சது? அக்காகிட்ட கேட்டீங்களா?

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். "சார், என் மூஞ்சியை மாத்துங்க சார்" என்று கட்டாயம் கெஞ்சுவார்கள். எந்தப் பிள்ளையின் படத்தையும் எந்தச் செயலியிலும் ஏற்றக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. ஏற்றிய படம் எந்த நாட்டுக் கணினியில் போய் உட்காரும் என்று நமக்குத் தெரியாது. "உன் முகம் உன்னுடையது, அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை" என்று காரணத்தைச் சொல்லியே மறுங்கள். அந்த மறுப்பும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கம் இப்படி இருக்கலாம். பள்ளி ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பையன் அட்டைக் கிரீடமும் ஒட்டுமீசையுமாகக் கட்டபொம்மன் வேஷம் கட்டி வருகிறான். வசனம் முடிவதற்குள் மீசை ஒரு பக்கம் தொங்கிவிடும். உள்ளே இருப்பது யார் வீட்டுப் பையன் என்று ஊருக்கே தெரியும். கணினி கட்டும் வேஷத்தில் மீசை தொங்காது, உள்ளே இருக்கும் ஆளும் தெரியமாட்டார். ஏழு வயதுக்கு இது போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரே முகத்தின் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்துப் பார்த்துக் கணினி பழகுகிறது. 'அ' சொல்லும்போது வாய் எப்படித் திறக்கிறது, 'உ' சொல்லும்போது எப்படிக் குவிகிறது, சிரித்தால் கன்னம் எங்கே மடிகிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. பிறகு வேறொருவர் பேசும் வீடியோவில், ஒவ்வொரு நொடியிலும் வரும் இருபத்து நான்கு, முப்பது படங்களிலும், அந்த முகத்தை வரைந்து ஒட்டுகிறது. ஆரம்பத்தில் இதற்குப் படம் நிறைய வேண்டியிருந்தது, கணினி அறிந்த ஆளும் வேண்டியிருந்தது. இன்று ஒரே ஒரு புகைப்படம் போதும் என்று சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. குரலுக்கு ஒரு சில விநாடிப் பேச்சு போதும். நம் வீட்டு வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் இருப்பது அதைவிட அதிகம்.

இனி நம்மில் பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். போலி வீடியோவைக் கண்டுபிடிக்கும் குறிப்புகள் என்று சுற்றிவரும் பட்டியல் இருக்கிறதே, விரலை எண்ணு, கண் சிமிட்டலைக் கவனி, காதோரம் மங்குகிறதா பார் என்று, அதை வகுப்பின் மையமாக வைக்காதீர்கள். 2018-இல் அமெரிக்காவின் அல்பனி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டீப்ஃபேக் முகங்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று கண்டுபிடித்தார்கள். அருமையான கண்டுபிடிப்பு. செய்தி வெளியான கொஞ்ச நாளிலேயே சிமிட்டும் போலிகள் வந்துவிட்டன. இதில் வியப்பு இல்லை. 2014-இல் வந்த ஒரு முறையில் இரண்டு நிரல்கள் மோதவிடப்படுகின்றன: ஒன்று போலியை வரையும், மற்றது போலி என்று பிடிக்கும், பிடிபடும் ஒவ்வொரு முறையும் வரைவது தன் கையைத் திருத்திக்கொள்ளும். ஆக, நாம் இன்று கற்றுத்தரும் அடையாளம் நாளைக்குச் செல்லாக் காசு. அது மட்டுமா? அடையாளம் எதுவும் தென்படாத போலியை, "நல்லா பார்த்துட்டேன், உண்மைதான்" என்று பிள்ளை நம்பிவிடும். ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளின் முகத்தையும் குரலையும் நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். 2024-இல் வெளியே வந்த செய்தி இது. படித்த, பொறுப்பில் இருந்த ஆள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் "உற்றுப் பார்" என்று சொல்வது நியாயமா?

பிள்ளையின் கண்ணை நம்பி வகுப்பைக் கட்டாதீர்கள். அதன் கேள்வியை நம்பிக் கட்டுங்கள். இந்த வீடியோ என்னை என்ன செய்யச் சொல்கிறது? பணம் அனுப்பு, லிங்கை அமுக்கு, படம் அனுப்பு, யாரிடமும் சொல்லாதே என்றால் அங்கேயே நில். 2023 அக்டோபரில், உலகம் முழுக்கச் சிறுவர்கள் கொண்டாடும் யூடியூபர் மிஸ்டர் பீஸ்ட், இரண்டு டாலருக்கு ஐபோன் தருவதாகச் சொல்லும் விளம்பரம் டிக்டாக்கில் ஓடியது. அது அவரே அல்ல. 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு விளையாட்டுச் செயலியைச் சிபாரிசு செய்வதாக ஒரு வீடியோ வந்தது. அது போலி என்று அவரே பொதுவில் அறிவித்தார். முகத்தைப் பார்த்தால் சச்சின்தான். அவர் எதை விற்கிறார் என்று பார்த்திருந்தால் சந்தேகம் தானாக வந்திருக்கும்.

ஐந்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆபத்து விளம்பரத்தில் மட்டும் இல்லை, அம்மாவின் குரலிலும் வரலாம். 2023-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தாய்க்குப் போன் வந்தது. மகள் அழும் குரல். கடத்திவிட்டோம், பணம் கொடு என்று மிரட்டல். மகளோ வேறிடத்தில் பத்திரமாக இருந்தாள். அந்தத் தாய் பிறகு அமெரிக்க செனட் குழு முன்னால் இதைச் சாட்சியாகச் சொன்னார். பெற்ற தாய்க்கே மகள் குரலில் ஐயம் வரவில்லை. பிள்ளைக்குத் தாயின் குரலில் வருமா? "அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கேன், இந்த மாமாகூட வா" என்று ஒரு குரல் செய்தி வந்தால் நம் பிள்ளை கிளம்பிவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசியச் சொல் வேண்டும். ஊர்ப் பெயர், குலசாமி பெயர், நாய்க்குட்டி பெயர் எல்லாம் வேண்டாம். அவை ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் கிடக்கும். 'கத்தரிக்காய் பாயசம்' மாதிரி எவனும் யூகிக்க முடியாத ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். சொல் தெரியாதவர்கூடப் போகக் கூடாது, அம்மா குரலே கூப்பிட்டாலும். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

அடுத்தது பெரிய பிள்ளைகள். பேசவே கூச்சமாக இருக்கும். பேசித்தான் ஆக வேண்டும்.

ஸ்பெயினின் தென்மேற்கே அல்மென்ட்ராலெஹோ என்று ஒரு சிற்றூர், முப்பதாயிரம் பேர் வாழும் ஊர். 2023 செப்டம்பரில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளின் நிர்வாணப் படங்கள் போனுக்குப் போன் பறந்தன. வயது 11 முதல் 17. ஒரு படமும் உண்மை இல்லை. இன்ஸ்டாகிராமில் உடுப்போடு இருந்த படங்களை எடுத்து, ஒரு செயலியில் போட்டுச் செய்தவை. செயலியின் பெயரைச் சொல்லமாட்டேன். நீங்களும் வகுப்பில் சொல்லாதீர்கள். செய்தவர்கள் வெளிநாட்டு மாஃபியா கும்பல் என்று நினைக்காதீர்கள். அதே பள்ளிகளில் படித்த பதின்ம வயதுப் பையன்கள். 2024-இல் இளையோர் நீதிமன்றம் 15 சிறுவர்களுக்கு ஓராண்டு கண்காணிப்புத் தண்டனை கொடுத்தது. அங்கே கதை திரும்பிய இடத்தைக் கவனியுங்கள். ஒரு சிறுமி தன் அம்மாவிடம் வந்து சொன்னாள். மகப்பேறு மருத்துவரான அந்த அம்மா மகளைத் திட்டவில்லை. "இது குற்றம், வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை" என்ற தோரணையில் வெளிப்படையாகப் பேசினார். அவர் பேசிய பிறகுதான் இது நாடறிந்த செய்தியானது.

நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். 2016-இல், டீப்ஃபேக் செயலி எல்லாம் இல்லாத காலத்தில், வெட்டி ஒட்டிய ஒரு படத்தால் நம் மாநிலத்தில் ஓர் இளம்பெண் உயிரை விட்டார். வீட்டாரே தன்னை நம்பவில்லை என்ற வேதனை அவர் எழுதிவைத்த கடிதத்தில் இருந்தது. 'மார்பிங்' என்ற சொல் அன்றுதான் நம் டீக்கடைகளுக்குள் வந்தது. அந்தப் படத்தைச் செய்தவனைப் பற்றித்தான் ஊர் பேசியது. நம்பாமல் போனதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

ஆகவே என் கோரிக்கையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும் அன்றே, அதே தெருவில், பெற்றோருக்கும் வகுப்பு நடக்க வேண்டும். அது முடியாத ஊரில் பிள்ளைகள் வகுப்பையும் நடத்தாதீர்கள். கடுமையாகத்தான் சொல்கிறேன். "ஏதாவது நடந்தால் அம்மாவிடம் சொல்" என்று நாம் தைரியம் கொடுத்து அனுப்புவோம்; பிள்ளை போய்ச் சொல்லும்; அம்மா போனைப் பிடுங்குவார், அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்துவார், அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்புவார்கள். அப்படி ஒரே ஒரு பெண்ணுக்கு நடந்தால் போதும், அந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போங்கள். அப்பாமார்களைப் பிடியுங்கள், அவர்கள்தான் வகுப்புக்கு வராதவர்கள். மூன்று வாக்குறுதி கேளுங்கள்: அடிக்க மாட்டேன், பள்ளியை நிறுத்த மாட்டேன், "நீ ஏன் போட்டோ போட்டே?" என்று கேட்க மாட்டேன். இதைப் பிள்ளையின் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பையன்களிடம் பேசாமல் விட்டால் வேலை பாதிதான். "சும்மா தமாஷுக்குச் செஞ்சேன்" என்பது சட்டத்தின் முன் நிற்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67பி, சிறார் தொடர்பான ஆபாசப் படங்களுக்கு முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. போக்சோ சட்டத்தில் 2019-இல் சேர்த்த விளக்கம், நிஜப் பிள்ளையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கணினியில் உருவாக்கிய படத்தையும், மாற்றியமைத்த படத்தையும் உள்ளடக்குகிறது. 'படம் போலிதானே' என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. 2024 செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை ரத்துசெய்து, இத்தகைய படங்களை வைத்திருப்பது குறித்தும் கடுமையாகப் பேசியது. பதினெட்டு வயதுக்குட்பட்டவன் செய்தால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். "உன் குரூப்பில் வந்தால் நீ என்ன செய்வே?" என்று கேட்டு அவனையே பேசவிடுங்கள். பார்த்துச் சிரித்து அடுத்தவனுக்குத் தள்ளிவிடுபவன்தான் எண்ணிக்கையில் அதிகம். அவன் கையில்தான் இது நிற்கவோ பரவவோ செய்யும்.

"சொல்லிக்கொடுத்தால்தான் செய்யக் கற்றுக்கொள்வார்கள்" என்று ஒரு மூத்த தோழர் வாதிட்டார். அல்மென்ட்ராலெஹோவின் பையன்களுக்கு எந்த அறிவியல் மன்றம் வகுப்பெடுத்தது, தோழர்?

இன்னொரு பக்கம், பிள்ளைகளின் படங்களை நாமே ஊருக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பூப்புனித நீராட்டு விழாவுக்கு எட்டடி ஃபிளெக்ஸ்! பெண் பிள்ளையின் படம், பெயர், ஊர், அப்பா பெயர், தாய்மாமன் பெயர், தேதி, எல்லாம் நடுச்சந்தியில். ஸ்டுடியோக்காரர் அதையே பாட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றிவிடுகிறார். சீர்வரிசையில் ஒரு தட்டு குறைந்தால் சண்டை போடும் ஊர், இதற்கு ஒரு வார்த்தை பேசுவதில்லை. பள்ளிகளும் சளைத்தவை அல்ல. மாறுவேடப் போட்டி, யோகா, விளையாட்டு விழா, எல்லாமே முகம் தெளிவாக, வகுப்போடு, பெயரோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும் பக்கத்தில். ஜெர்மனியின் தொலைபேசி நிறுவனம் ஒன்று 2023-இல் ஒரு விளம்பரம் எடுத்தது: எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமியைக் கணினியால் பெரியவளாக்கி, "என் படங்களை ஏன் எல்லாருக்கும் கொடுத்தீர்கள்?" என்ற பொருள்படப் பெற்றோரிடமே பேசவைத்தார்கள். விளம்பரம் என்றாலும் காரியமான வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் ஆட்கள் இருக்கும் இடங்களில் தீர்மானம் கொண்டுவாருங்கள்: பிள்ளையின் முகமும் பெயரும் ஒன்றாகப் பொதுவெளியில் போகக் கூடாது, கூட்டமாக எடுத்த, முகம் தெளிவாகத் தெரியாத படம் போதும். அடுத்த கிராம சபையில் இதை எழுதிக் கொடுங்கள்.

ஏற்கெனவே ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது என்று சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. பணம் பறிபோனால் 1930, தாமதிக்காமல். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஒருவரின் அந்தரங்கத்தைக் காட்டும் படம், செயற்கையாக மாற்றியமைத்ததாக இருந்தாலும், புகார் வந்ததும் குறித்த கெடுவுக்குள் சமூக ஊடக நிறுவனம் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகளிலேயே எழுதப்பட்டது, கேட்டு வாங்குங்கள். 'டேக் இட் டவுன்' என்ற சேவையில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அதன் எண் அடையாளத்தை மட்டும் நம் போனிலிருந்தே கொடுத்து, பெரிய தளங்களில் பரவாமல் தடுக்க முயலலாம். இணைப்பு, கணக்கின் பெயர், நேரம், இவற்றைக் குறித்துவையுங்கள். "பாருங்க இந்த அநியாயத்தை" என்று படத்தையே நாலு குரூப்பில் போட்டு நியாயம் கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்களே, அவர்களை முதலில் நிறுத்துங்கள். அதுவும் பரப்புதல்தான்.

வேலைக்கு வருவோம். ஒன்றியப் பொறுப்பாளர்கள் முகாம் நடக்கும் ஊர்ப் பட்டியலை இந்த வாரமே குழுவில் போடுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு இடமும் நேரமும் எழுதாத ஊரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஆசிரியத் தோழர்கள் ஐந்து முதல் எட்டு வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என இரண்டு பாடக்குறிப்பு எழுதித் தாருங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் போடும் நாடகத்தில் அப்பா வேஷத்துக்கு நாடகக் குழு ஆள் பிடிக்கட்டும். அடிக்கக் கை ஓங்கி, வாக்குறுதி நினைவுக்கு வந்து இறக்கும் அப்பா. ப்ரொஜெக்டர் இல்லாத ஊருக்கு ஒரு பெரிய டிவியை யாராவது வண்டியில் ஏற்றி வாருங்கள். செய்முறை வீடியோவுக்கு இரண்டு முகங்கள் வேண்டும் என்றேன். ஒன்று என்னுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் யார்?